முன்னால் நடப்பவருக்கு யார் காப்பு?

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற வழியில் கொட்டகுடி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் எஸ்டேட் வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பாட்டம் ஸ்டேஷன். மூணாறுப் பக்கத்துத் தேயிலை, மலை உச்சியில் இருந்த டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி இங்கே இறங்கும். இங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். அந்த ரோப்வே எப்போதோ போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் சுற்றுலா வருகிறவர்கள் வாயில் நிலைத்துவிட்டது.

தேயிலைப் பெட்டிக்குக் கம்பி இருந்தது. ஆட்களுக்குக் காலடித் தடம்தான். எஸ்டேட் வேலைக்கும் ஏலத்தோட்டத்துக்கும் ஏறி இறங்கியவர்களின் கால் பட்டுப் பட்டு உண்டான தடம் அது. எந்தப் பாறையடியில் தண்ணீர் கசியும், மாசி பிறந்தால் எந்தச் சரிவில் புல் காய்ந்து சருகாகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கைடு என்று ஒருவர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெருநகரங்களிலிருந்து சனி, ஞாயிறுக்குப் பை தூக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் ‘கூட்டிக்கொண்டு போகிறவர்’ என்ற வேலை இந்த மலையில் பிறந்தது. அந்த வேலைக்கு எல்லை எது, அதிகாரம் எது, அவருக்கே அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

2018 மார்ச் 11 வந்தது.

மாசிக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தை ஒட்டி சென்னை ட்ரெக்கிங் கிளப் வழியாக வந்த ஒரு குழு, அதில் பெரும்பாலும் பெண்கள். ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த இன்னொரு குழு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 40 பேர். சென்னைக் குழு முந்தின நாளே குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி அங்கே தங்கியிருந்தது. கொழுக்குமலை விசித்திரமான இடம். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஜீப் போகிற பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போனால் நடைதான். ஞாயிறன்று இரண்டு குழுக்களும் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒத்தமரம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது.

மேட்டில் தீ எப்படி ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பிற்பகலின் கொடுமை புரியும். சமதளத்தில் தீ பரவுவதைவிட ஏற்றத்தில் பல மடங்கு வேகமாகப் பரவும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதுதான் காரணம். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்புக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. போதாததற்கு, வெயில் ஏறிய மலைச்சரிவில் காற்றும் பகலில் மேல்நோக்கித்தான் வீசும். அந்த நேரத்தில் உச்சியைப் பார்த்து ஓடுகிறவரைத் தீ முந்திவிடும். புல் இல்லாத பாறையும் ஏற்கெனவே எரிந்து கரிந்த தரையும்தான் கொஞ்சமாவது காப்பாற்றும். அதைச் சொல்லிக்கொடுக்கவும், சொன்னதை 40 பேரும் கேட்கும்படி குரல் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். அன்று கூட்டம் சிதறியது. சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். அழைத்துக்கொண்டு போனவர்களிலும் சிலர் உயிரோடு கீழே வரவில்லை.

முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வருவதற்கு முன்பே, போர்வையிலும் டோலியிலும் வைத்து வெந்த உடம்புகளைச் சுமந்து இறங்கியவர்கள் இவர்கள். மறுநாள் ஒன்பது உடல்கள் இறக்கப்பட்டன. தேனியிலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் ஆஸ்பத்திரிக் கட்டில்களில் அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் எண்ணிக்கை 23 ஆனது. இரவில் சுமந்து இறங்கிய அந்த ஊர்க்காரர்கள் எந்தக் குழுவின் பட்டியலிலும் கைடாகவோ மீட்பாளராகவோ பதிவானவர்கள் இல்லை. அந்த இருட்டில் அவர்களில் ஒருவர் கால் இடறிப் பள்ளத்தில் விழுந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதற்கு எந்தத் தாளிலும் விடை இருந்திருக்காது.

குரங்கணி செக்போஸ்ட்டில் டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் சீட்டு தரப்பட்டது, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அமைப்பாளர்கள் மீது வழக்குப் பதிவானது. மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. தப்பு யாருடையது என்ற பேச்சு வாரக்கணக்கில் ஓடியது. ஆனால் அதற்கு முந்தின கேள்வி ஒன்று உண்டு, அதைக் கேட்டவர்கள் குறைவு. அன்று காலை கொழுக்குமலையில் நின்று, "இன்றைக்கு இந்த வழியில் இறங்க வேண்டாம்" என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது?

சென்னை ட்ரெக்கிங் கிளப் 2008ல் தொடங்கிய தன்னார்வக் குழு. லாபம் பார்க்கும் நிறுவனம் இல்லை. முன்னால் நடந்தவர்கள் அனுபவமுள்ள உறுப்பினர்கள், சம்பளத்துக்கு வந்த தொழில்முறை வழிகாட்டிகள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, காட்டையும் மலையையும் பயமில்லாமல் பழக்கியது இப்படிப்பட்ட குழுக்கள்தான். ஆனால் நண்பனாக வருகிறவரும் பொறுப்பாளராக வருகிறவரும் ஒருவராகவே இருக்கும்போது, ஆபத்து நேரத்தில் அவர் எந்தக் குரலில் பேசுவார்? திரும்பலாம் என்று நண்பன் சொன்னால் பத்துப் பேர் வாதம் பண்ணுவார்கள். பொறுப்பாளர் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு திரும்பித்தான் ஆக வேண்டும்.

இந்தக் குழப்பத்தைக் கடலுக்கு அடியில் போகிறவர்கள் எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள். தேனியில் கடல் இல்லை, ஆனாலும் ஸ்கூபா டைவிங் உலகத்தை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது இந்த மலைக்கு உதவும். அங்கே முன்னால் போகிறவரின் வேலை படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உலகம் முழுக்கப் பயிற்சி தரும் ‘பாடி’ (PADI) அமைப்பில் டைவ் மாஸ்டர் என்ற தகுதி வேண்டுமென்றால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 60 முறை முங்கி எழுந்த பதிவு வேண்டும், முதலுதவிப் பயிற்சி பழசாகிப் போயிருக்கக் கூடாது, மருத்துவர் கையெழுத்து வேண்டும். அத்தனையும் இருந்தாலும் முக்கியமாக ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களை அழைத்துப் போகத்தான் அவருக்கு உரிமை. புதியவர் ஒருவருக்கு முழுப் பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுக்க முடியாது, அது பயிற்றுநரின் வேலை. அந்தப் பயிற்றுநருக்கும் கட்டு உண்டு. தொடக்க நிலைப் படிப்பில் கடலுக்குள் ஒருவர் எட்டு மாணவர்களுக்கு மேல் அழைத்துப் போகக் கூடாது. அந்தப் படிப்பை முடித்தவருக்கு 18 மீட்டர்தான் ஆழம். பொழுதுபோக்குக்காக முங்குகிற யாருக்கும் 40 மீட்டருக்குக் கீழே வேலை இல்லை.

இதெல்லாம் ஒரு தனியார் அமைப்பின் விதி என்று ஒதுக்கிவிட முடியாது. ஐ.எஸ்.ஓ. தர அமைப்பு ஸ்கூபா தலைவருக்கென்று 24801 வரிசையில் தனித் தரம் வைத்திருக்கிறது. 2020ல் சாகசச் சுற்றுலா வழிகாட்டிகள் எல்லோருக்குமான தகுதித் தரத்தையும் 21102 என்ற எண்ணில் வெளியிட்டது. மலைக்கும் அது பொருந்தும்.

எழுதின விதிகளைவிட, முங்குகிறவர்களிடம் இருக்கும் ஒரு பழக்கம் இன்னும் பெரியது. கூட்டத்தில் இருக்கிற யாரும், எந்த நேரத்திலும், காரணமே சொல்லாமல் ‘இத்தோடு போதும்’ என்று சைகை காட்டலாம். எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று தண்ணீருக்குள் யாரும் கேட்பதில்லை. கரையில் வந்து கேலி பண்ணுவதும் தப்பு. மலையில் நிலைமை தலைகீழ். கொடுத்த காசு, போட்ட லீவு, எடுக்க வேண்டிய போட்டோ எல்லாம் சேர்ந்து கைடின் முதுகைத் தள்ளும். உச்சிக்குக் கூட்டிப் போகாத கைடுக்கு அடுத்த வாரம் ஆள் வராது என்ற பயம் அவருக்கும் இருக்கும்.

எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. குமுளி மேட்டில் ஏறினால் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று, கேரளச் சுற்றுலாக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 45 பேர், பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். படகில் 75 பேர்தான் ஏறலாம், அன்று அதைவிட அதிகமாக ஏறியிருந்தார்கள். கரையோரம் விலங்குகளைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு சாய்ந்துவிட்டது. உயிர்காப்புச் சட்டை உடம்பில் இல்லாமல்தான் பலர் தண்ணீருக்குள் போனார்கள். படகோட்டுகிறவர் நடுத்தண்ணீரில் நின்று எவ்வளவு கத்தினாலும் பயன் இல்லை, 76ஆவது ஆளைக் கரையிலேயே நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தேக்கடிப் படகில் சட்டை மாட்டாமல் உட்கார முடியாது என்றானது. வந்தது நல்லது. வந்த விதம்தான் நெஞ்சை அறுக்கிறது.

இனி இன்ஷூரன்ஸ். இந்த விஷயத்தில் மலைப் பக்கம் நிலவும் குழப்பம் ஆபத்தானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முங்குகிறவர்களின் உலகத்தில் காப்பீடு என்றால் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். ஒன்று, பொறுப்புக் காப்பீடு. வழிகாட்டியின் தவறால் வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆகி, நட்ட ஈடு கேட்டு அவர் குடும்பம் நீதிமன்றம் போனால், அந்தத் தொகையையும் வக்கீல் செலவையும் தாங்குவது. பல நாடுகளில் இது இல்லாமல் டைவ் மாஸ்டரோ பயிற்றுநரோ தொழில் பண்ண முடியாது. இன்னொன்று, விபத்துக் காப்பீடு. முங்குகிறவருக்கே அடிபட்டால் சிகிச்சைக்கும் அழுத்த அறை வைத்தியத்துக்கும் செலவைப் பார்த்துக்கொள்வது. 1980ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் இதில் பெயர் பெற்றது. முதல் வகை வாடிக்கையாளரின் இழப்புக்கு, இரண்டாம் வகை தன் உடம்புக்கு. ஒன்று இருப்பதால் இன்னொன்று இருப்பதாக ஆகாது.

நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, மூன்றாவதாக ஒரு தாளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ‘எனக்கு என்ன நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தத் தாள். அது காப்பீடு இல்லை. ஆபத்து இருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் வழக்குப் போடுவது போலீஸ். இரண்டு பேருக்கிடையே எழுதின தாள் அதைத் தடுக்காது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் இதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் அது ஐந்து ஆண்டு. கையெழுத்து வாங்கிய தைரியத்தில் மேகம் கறுத்த நாளில் ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த மாற்றத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதைவிட வேதனையான இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்து, ‘இவற்றுக்குப் பணம் கிடையாது’ என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி வகுத்துக்கொடுத்த விலக்குகளில் ஒன்பதாவது, சாகச விளையாட்டுகளைப் பற்றியது. பாறையேற்றம், மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா டைவிங் போன்றவற்றில் ‘தொழில்முறையாக’ ஈடுபட்டதால் வரும் சிகிச்சைச் செலவு தரப்படாது என்கிறது அது. தொழில்முறையாக என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பொழுதுபோக்க வந்த ஐ.டி. ஊழியருக்குக் கால் முறிந்தால் அவருடைய பாலிசி பணம் கொடுக்க வாய்ப்பு உண்டு. அவரைக் கூட்டிப் போன கைடுக்கு அதே பாறையில் கால் முறிந்தால், அவர் பிழைப்பே அதுதான் என்பதால் கம்பெனி கையை விரிக்கலாம். அன்றாடம் ஆபத்தில் நிற்கிறவருக்குத்தான் குடை இல்லை.

பள்ளத்தாக்கிலுள்ள கைடுகள் பலரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கும் வருமான வரம்புக்குள் வருகிறவர்கள்தான், ஆஸ்பத்திரிக்கு அது கைகொடுக்கும். பிரதமர் பெயரிலுள்ள விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். இதையாவது ஒவ்வொரு கைடும் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் கால் முறிந்து மூன்று மாதம் திண்ணையில் கிடந்தால் அன்றாடக் கூலிக்கு என்ன வழி? அதற்கு இந்த இரண்டிலும் இடம் இல்லை. அதற்கான தனி விபத்துக் காப்பீட்டை, வேலை கொடுக்கிறவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

குரங்கணிக்குப் பிறகு அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் அறிவித்தது. அது நிவாரணம். மனமிரங்கிக் கொடுப்பது. காப்பீடு உரிமை, கேட்டு வாங்குவது. இந்த வித்தியாசத்தை இமயமலை ஷெர்பாக்கள் உலகத்துக்கே உரக்கச் சொன்னார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 மலைத் தொழிலாளர்கள் இறந்தபோது, நேபாள அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்தார்கள். அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கமிருந்து ஏறும் வேலை ஏறக்குறைய முழுக்க நின்றுபோனது. குறைந்தபட்ச ஆயுள் காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது அதற்குப் பிறகுதான். பெட்டி சுமக்கிறவர்கள் பெட்டியைக் கீழே வைத்ததால் நடந்தது அது.

தமிழ்நாட்டில் நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018லேயே வனப்பகுதி மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் வெளியிட்டது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தது. 2024 அக்டோபரில் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 14 மாவட்டங்களில் 40 தடங்கள், இணையத்தில் பதிவு, ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. அவர்களில் பழங்குடி இளைஞர்களும் காட்டோர ஊர்களைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தில் சின்னச் சுருளி – தென்பழனித் தடமும் குரங்கணி – சாம்பலாறு தடமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. 23 பேரை இழந்த அதே குரங்கணியிலிருந்து, இந்த முறை சீருடை போட்ட கைடு முன்னால் நடக்கிறார். டோலி சுமந்த ஊர்களுக்கு இப்படி ஒரு வேலை வந்தது எந்த நினைவுத் தூணையும்விட மேலான காரியம்.

ஆனாலும் சில கேள்விகள் பாக்கி இருக்கின்றன. மலையேற வருகிறவர் பணம் கட்டும்போது தன் உடல்நிலை, பாதையின் கடினம், புறப்படும் நேரம் எல்லாம் பார்க்கிறார். கூட வரும் கைடுக்கு என்ன காப்பீடு, அவர் எத்தனை பேரை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், வழியில் அவர் திருப்பினால் அவர் கூலி குறையுமா என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்டுப் பார்க்கலாம். தனியார் குழுவோடு போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குகிற அமைப்பாளரிடம் பணம் கட்டாமல் இருப்பது உத்தமம்.

கண்டிப்பு வைத்தால் கூட்டம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கூடலூருக்கு மேலே இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பார்க்கலாம். வருடத்தில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள்தான் திறப்பு. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, ஏறும் நேரம், இறங்கும் நேரம், மருத்துவ முகாம், தண்ணீர், ஜீப் எண்ணிக்கை எல்லாம் முடிவு பண்ணுகிறார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. நேரம் முடிந்தால் மேலே விட மாட்டார்கள். பளியன்குடிப் பாதையில் மூச்சிரைக்க நடந்து வந்த பாட்டியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான ஜனம் வருகிறது.

ட்ரெக் தமிழ்நாடு தடங்களுக்கும் அப்படி ஒரு பூட்டு உண்டு. 2025ல் தீப் பருவத்தை முன்னிட்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்கள் மூடப்பட்டன. குரங்கணித் தீ பிடித்தது அந்த இரண்டு மாதத்துக்குள் வரும் ஒரு நாளில்தான், ஆக மூடினது சரி. மூடின நாட்களில் கைடுக்குக் கூட்டிப் போக ஆள் கிடையாது. அந்தக் கைடுகளையே அந்த இரண்டு மாதமும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், உச்சியில் நின்று புகை பார்க்கவும், குரங்கணி ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கவும் சம்பளத்தோடு வைத்துக்கொள்ள முடியும். காப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் பன்னிரண்டு மாதமும் இருக்க வேண்டும். காட்டுக்குள் தீ கிளம்பினால் கூப்பிடப் போவது அவர்களைத்தான்.